ஆரு கண்ணு இந்தம்மா?

பதிவு போட்டு மூணு மாசம் ஆச்சு. ஆணி அதிகம்னு வழக்கமா சொல்ற சாக்குதான், ஆனா இந்த முறை நிஜமாவே ஆணி. அதுல ஒண்ணு கையைக் குத்திருச்சு. அதைப் பத்திதான் இந்தப் பதிவு. முதல் பாதி கொஞ்சம் தொழில்நுட்பம், அப்புறம் சொந்தக்கதை. பொட்டி தட்டாத மக்கள் முதல் பாதியைப் பொறுத்துக்கிட்டு வாங்க. விஷயம் பின்னாடிதான் இருக்கு.

நான் வேலை பார்க்கிறது கோயமுத்தூர்ல ஒரு சின்ன கம்பெனி. மொத்தமே பதினோரு பேர். போன்லயே பேனர் டிசைன் பண்ற ஆப் ஒண்ணு செய்யறோம். பிறந்தநாள், காதுகுத்து, கல்யாணம், கட்சிக்காரங்க வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாத்துக்கும் டெம்ப்ளேட் இருக்கும். பேரை மாத்தி, போட்டோவை மாத்தி, வாட்ஸப்ல அனுப்பலாம், இல்லன்னா ஃப்ளெக்ஸ் கடையில கொடுத்து அடிச்சுக்கலாம். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சது இதுக்கான்னு அப்பா கேட்டது ஒரு காலம். இப்ப சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அவரே ஆர்டர் பிடிச்சுக் கொடுக்கிறார். காசு மட்டும் வராது.

ஒரு திங்கக்கிழமை எங்க டேமேஜர் (நல்ல மனுஷன்தான், பழக்கதோஷத்துல அப்படியே எழுதிட்டேன்) என் சீட்டுக்கு வந்தார். "நம்ம ஆளுங்க பேக்ரவுண்டுக்குப் படம் கெடைக்காம நெட்ல தேடி வாட்டர்மார்க்கோட எடுத்துப் போடறாங்க. ஆப்புக்குள்ளயே ஸ்டாக் போட்டோ தேடற மாதிரி ஒண்ணு சேர்த்துருப்பா. ரெண்டு நாள் வேலைதானே?"

இந்த "ரெண்டு நாள் வேலைதானே"வுக்கு எத்தனை பேர் எத்தனை ராத்திரி தூங்காம இருந்திருப்போம்! ஆனா அவர் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ், பிக்ஸபேன்னு இலவசமா படம் தர்ற தளங்கள் இருக்கு, மூணுக்குமே ஏபிஐ இருக்கு. அன்ஸ்பிளாஷ் கதையே சுவாரசியம். 2013ல மாண்ட்ரியால்ல ஒரு சின்ன கம்பெனி, தங்களோட முகப்புப் பக்கத்துக்கு எடுத்த படங்கள்ல மிச்சமான பத்தை டம்ப்ளர்ல ஒரு பக்கம் திறந்து "யார் வேணா எடுத்துக்கோங்க"ன்னு போட்டாங்க. அது வளர்ந்து வளர்ந்து, 2021ல கெட்டி இமேஜஸ் வாங்கிருச்சு. காசுக்குப் படம் விக்கிற பெரிய கம்பெனி, இலவசமா கொடுக்கிற கடையை வாங்கின கதை. பெக்ஸல்ஸும் பிக்ஸபேயும் அதுக்கு முன்னாடியே, 2019ல, கேன்வா கைக்குப் போயாச்சு.

அன்ஸ்பிளாஷ், ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸுக்கும் ஒரு ரெடிமேட் பிக்கரைத் திறமூலமாவே கொடுத்திருந்தது. அதைப் பிராஜெக்ட்ல சேர்த்து, கீயைக் கொடுத்துத் திறந்தா தேடற பெட்டியும் படங்களும் வந்துரும். யூசர் ஒண்ணைத் தொட்டா அந்தப் படத்தோட விவரம் நம்ம கைக்கு வரும்: அகலம், உயரம், எடுத்தவர் பேரு, அஞ்சு சைஸ்ல விலாசம். தேடற பக்கத்துல குட்டிப் படம், எடிட் பண்ண 1080 பிக்ஸல் அகலத்துல ஒண்ணு, ஃப்ளெக்ஸ் அடிக்க முழுப்படம். மதியத்துக்குள்ள ஓட வெச்சுட்டேன். டீ குடிக்கப் போனப்ப நடையில லேசா ஒரு துள்ளல் கூட இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா வந்துச்சு.

முதல் பிரச்சினை கீ. ஆப்புக்குள்ள கீயை வெச்சு வெளியிட்டா, ஏபிகே ஃபைலைப் பிரிச்சு எவன் வேணா எடுத்துக்கலாம். அதனால ரெடிமேட் பிக்கரை ஓரமா வெச்சுட்டு, நடுவுல எங்க சர்வர் ஒண்ணை நிறுத்தி, கீயை அங்க வெச்சேன். ஆப் எங்க சர்வரைக் கேக்கும், சர்வர் அவங்களைக் கேக்கும். ஆனா படத்தை மட்டும் எங்க சர்வருக்கு இழுத்து வெச்சுக்கக் கூடாது, அவங்க விலாசத்துல இருந்துதான் காட்டணும். யூசர் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தா, "இந்தப் படம் எடுக்கப்பட்டது"ன்னு அவங்களுக்கு ஒரு தகவலும் அனுப்பணும். எதுக்குன்னா, படம் எடுத்தவருக்கு அங்க காசு கிடையாது. இத்தனை பேர் பார்த்தாங்க, இத்தனை பேர் எடுத்தாங்கங்கிற கணக்குதான் வரவு. அதையும் நாம முழுங்கிரக் கூடாதில்லையா?

இதுல பிக்ஸபே நேர் எதிர். நிரந்தரமா அவங்க விலாசத்துல இருந்து காட்டாதே, உன் சர்வருக்கு எடுத்துட்டுப் போங்கும். ஒவ்வொரு வீட்டுலயும் செருப்பை ஒவ்வொரு இடத்துல விடச் சொல்வாங்களே, அந்த மாதிரி.

ரெண்டாவது, தமிழ். அன்ஸ்பிளாஷ்ல சோதனைக் கணக்குக்கு ஒரு மணி நேரத்துக்கு 50 தடவைதான் கேக்கலாம். நான் "மல்லிகை"ன்னு டைப் பண்ணேன். ம, மல, மல், மல்ல, மல்லி, மல்லிக, மல்லிகைன்னு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தேடல் போச்சு. பூப் பேரு ஏழு அடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு மணி நேர ரேஷன் காலி. டைப் அடிச்சு ஓயற வரைக்கும், ஒரு அரை நொடி, காத்திருந்து தேடற மாதிரி மாத்தினேன். சரியாச்சு. ஆனா மல்லிகைக்கு ஒரு படமும் வரலை.

மத்த ரெண்டு தளத்தோட ஏபிஐ-லயும் எந்த மொழியில தேடறோம்னு சொல்ல வழி இருக்கு. நான் பார்த்தப்ப அந்தப் பட்டியல்ல துருக்கி, வியட்நாமீஸ், தாய் மொழியெல்லாம் (தாய்லாந்துக்காரங்க தாய் மொழி, நம்ம தாய்மொழி இல்ல) இருந்துச்சு. தமிழ் இல்ல. இந்திய மொழி ஒண்ணு கூட இல்ல.

சரின்னு நானே ஒரு அகராதி போட்டேன். விசேஷ பேனர்ல வர்ற வார்த்தையா 300 எழுதி, பக்கத்துல ஆங்கிலம். அதுல இல்லாத வார்த்தையை எழுத்துக்கூட்டி ஆங்கிலத்துல அனுப்பிருவோம்னு ஒரு புத்திசாலித்தனம் வேற. டெஸ்டிங் பண்ற பொண்ணு கல்யாணப் பத்திரிகையைத் திறந்து "தாலி"ன்னு தேடிச்சு. ஸ்க்ரீன் பூரா சாப்பாடு! சுத்தி கிண்ணம் கிண்ணமா குழம்பு, நடுவுல ரொட்டி. வடக்க தாலின்னா சாப்பாட்டுத் தட்டுன்னு எனக்குத் தெரியாமயா? தெரியும். ஆனா என் கோடுக்குத் தெரியலையே. "ஆறு"ன்னு தேடினா நதியா, எண்ணான்னு முழிச்சுது. "மாலை"ன்னா நான் சாயங்காலம்னு எழுதி வெச்சிருந்தேன். மாலை தேடின மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு வரிசையா சூரிய அஸ்தமனமா வந்துச்சு. கல்யாணத்துக்கு எவ்ளோ பொருத்தமான படம்னு கல்யாணமான பதிவர்கள் சொல்லக்கூடும். நான் எதுவும் சொல்லலை, எனக்கு இனிமேதான் பொண்ணு பார்க்கணும்.

மூணாவது, பேரு. படம் காட்டற இடத்துல எடுத்தவர் பேரையும் தளத்தோட பேரையும் காட்டணும்னு அன்ஸ்பிளாஷ் ஏபிஐ விதி. டேமேஜருக்கு அது பிடிக்கலை. "ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் எவனோ ஒருத்தன் பேரு. அசிங்கமா இருக்குப்பா. எடுத்துரு."

"எடுத்தா விதியை மீறின மாதிரி ஆயிரும் சார்."

"யார் வந்து பார்க்கப் போறாங்க?"

பேச்சுவார்த்தை அரை நாள் நடந்துச்சு. கடைசியில, தேடற இடத்துல பேரு சின்ன எழுத்துல இருக்கட்டும், டெம்ப்ளேட்ல ஒரு ஓரமா பொத்தான் வெச்சு அதைத் தொட்டா வரட்டும்னு முடிவாச்சு. அந்தப் பொத்தான்ல நான் ஜெயிச்சுட்டதா நினைச்சு, அன்னிக்கு ராத்திரி பரோட்டா வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆக ரெண்டு நாள் வேலை பன்னெண்டு நாள்ல முடிஞ்சுது. அந்தச் சமயம் பார்த்து எங்க டிசைனர் லீவு. புது டெம்ப்ளேட் நாப்பதுக்கு மாதிரிப் படம் வைக்கணும். "நீதான் தேடற வசதி செஞ்சு வெச்சிருக்கியே, நீயே வெச்சுரு"ன்னுட்டாங்க. நானும் உக்கார்ந்து மடமடன்னு வெச்சேன். பிறந்தநாளுக்கு ஒரு குழந்தை, காதுகுத்துக்கு ஒரு குழந்தை, கடைதிறப்புக்கு ஒரு குத்துவிளக்கு. கண்ணீர் அஞ்சலிக்கு ஆங்கிலத்துல "வயசான பெண், இந்தியா"ன்னு அடிச்சேன். முதல் வரிசையிலயே ஒரு பாட்டி. வெத்தலை போட்ட வாய், பெரிய மூக்குத்தி, கண்ணு ரெண்டும் இடுங்கற அளவுக்கு ஒரு சிரிப்பு. கறுப்பு வெள்ளையா மாத்தி, சுத்தி ரோஜா மாலை, ரெண்டு பக்கமும் விளக்கு, கீழ "தோற்றம் - மறைவு". அஞ்சு நிமிஷ வேலை. அருமையா வந்திருந்துச்சு. நாப்பதுலயே அதுதான் நல்லா இருக்குன்னு ஆபீஸ்ல சொன்னாங்க.

இப்ப கொசுவத்தி. போன மாசம் ரெண்டு நாள் ஊருக்குப் போனேன். ஈரோட்டுப் பக்கம், அம்மாவோட ஊரு. அம்முச்சிக்கு எண்பத்தி ரெண்டு வயசு. காது கொஞ்சம் மந்தம், கண்ணு நல்லாத் தெரியும். "நீ என்ன வேலை கண்ணு பண்ற?"ன்னு ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க, நானும் ஒவ்வொரு தடவையும் ஒரு பதில் சொல்வேன். இந்தத் தடவை போனையே கையில கொடுத்து, திண்ணையில பக்கத்துல உக்கார்ந்து ஒவ்வொரு டெம்ப்ளேட்டா தள்ளிக் காட்டினேன். குழந்தைப் படத்துக்கெல்லாம் "மூக்கும் முழியுமா இருக்குது"ன்னாங்க. அப்புறம் அந்தப் பாட்டி வந்தாங்க. அம்முச்சி போனை முகத்துக்குப் பக்கத்துல கொண்டுபோய்ப் பார்த்தாங்க.

"ஆரு கண்ணு இந்தம்மா? எந்தூரு?"

"தெரியாதுங்க அம்முச்சி. நெட்ல எடுத்தது."

"எப்பப் போய்ச் சேந்தாங்க?"

"அய்யோ, இது சும்மா மாதிரிக்கு வெச்ச படங்க அம்முச்சி."

"மாதிரிக்குன்னா? உசுரோட இருக்கறாங்களா, இல்லியா?"

நான் பதில் சொல்லலை. எனக்கு எப்படித் தெரியும்? அடுப்படியில இருந்த அம்மா வெளிய வந்து போனை வாங்கிப் பார்த்தாங்க. "உசுரோட இருக்கறவங்க படத்துக்கு மாலை போட்டு வெளக்கு வெச்சிருக்கறயா? உங்க அம்முச்சி போட்டோவை இப்பிடி வெப்பியாடா?"

அம்முச்சி பக்கத்துல உக்கார்ந்திருக்காங்க. அம்மா அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுட்டாங்க. அம்முச்சி மட்டும் அதைக் கண்டுக்காம, "சிரிச்ச மொகமா இருக்கறாங்க, பாவம்"னு சொல்லிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாங்க.

எங்க வீட்டுல உசுரோட இருக்கறவங்க படத்தை, இறந்தவங்க படம் மாட்டியிருக்கிற சுவத்துப் பக்கமே மாட்ட மாட்டாங்க. அது எனக்குத் தெரியாததா? டெம்ப்ளேட் பண்ற அந்த அஞ்சு நிமிஷமும் அது மனசுக்கு வரவே இல்லங்கிறதுதான் உறுத்தல். எனக்கு அவங்க ஒரு பாட்டியாவே தெரியலை. ஒரு சர்ச் ரிசல்ட். 1080 பிக்ஸல் அகலம்.

ராத்திரி மொட்டை மாடியில உக்கார்ந்து, வேலை ஆரம்பிக்கும்போதே படிச்சிருக்க வேண்டியதையெல்லாம் அப்பத்தான் முழுசாப் படிச்சேன். இலவசம்னா, படம் எடுத்தவர் தன் உரிமையை நமக்கு விட்டுக் கொடுக்கிறார்னு அர்த்தம். படத்துல இருக்கிறவரோட உரிமை அவர் கையில இல்லையே, அவர் எப்படிக் கொடுப்பார்? காசுக்கு விக்கிற ஸ்டாக் படங்கள்ல, விளம்பரத்துக்குப் போற படத்துல முகம் தெரிஞ்சா அந்த ஆள்கிட்ட கையெழுத்து வாங்கின ஒரு பத்திரம் இருக்கணும். அன்ஸ்பிளாஷ் தன் விதிமுறையிலயே, அடையாளம் தெரியற ஆளுங்க உருவத்துக்கான உரிமை இந்த லைசென்ஸ்ல சேராதுன்னு எழுதியிருக்கு. பெக்ஸல்ஸ், அடையாளம் தெரியற ஆளை மோசமாக் காட்டாதேங்குது. அந்தப் பாட்டி படம் எந்தத் தளத்துல எடுத்ததுன்னு சொல்ல மாட்டேன். தப்பு தளத்தோடது இல்ல, என்னோடது.

"மோசமா"ங்கிற வார்த்தையிலயே ரொம்ப நேரம் நின்னேன். சாராய விளம்பரம், வியாதி விளம்பரம், அதெல்லாம் மோசம்னு எந்த வக்கீலுக்கும் தெரியும். ஒரு சிரிச்ச முகத்துக்கு ரோஜா மாலை போட்டா அது மோசம்னு எந்த ஊர் வக்கீல் எழுதி வைப்பார்? அது எங்க அம்முச்சிக்குத்தான் தெரியும். எனக்கும் தெரிஞ்சிருக்கணும். தமிழ் வார்த்தைக்கு அகராதி போட்டவன், இதுக்கு ஒரு வரி போடலை.

திங்கக்கிழமை டேமேஜர்கிட்ட சொன்னேன். "லைசென்ஸ்ல சிக்கல் வருமா?"ன்னார். வரலாம், வராமலும் போகலாம்னேன். "அப்ப மெதுவாப் பார்த்துக்கலாமே"ன்னார். அப்புறம் எதுவும் வாதாடத் தோணாம, அம்முச்சி கேட்டதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "எங்கம்மாவுக்குக் கூட எழுபத்தாறு ஆச்சு"ன்னார். "இன்னிக்கே தூக்கிரு."

டெம்ப்ளேட் சர்வர்ல இருந்து வர்றதால உடனே தூக்க முடிஞ்சுது. அந்த இடத்துல இப்ப வெறும் நிழலுருவம்தான். கண்ணீர் அஞ்சலியில ஆள் படத்துக்கான இடத்தைத் தொட்டா தேடற வசதி திறக்காது, யூசரோட போன் கேலரி மட்டும்தான். பின்புலத்துக்குத் தேடலாம், ஆனா போன்லயே முகம் கண்டுபிடிக்கிற எம்எல் கிட்டை ஓட்டி, முகம் இருக்கிற படத்தை மறைச்சுர்றோம். அது சில சாமி சிலையையும் முகம்னு சொல்லி மறைச்சுருது, பரவாயில்லைன்னு விட்டுட்டேன். மத்த டெம்ப்ளேட்ல இருந்த குழந்தைங்க படத்தையும் எடுத்தாச்சு. எங்க டேமேஜர் பையன்தான் இப்ப காதுகுத்து மாடல். அவருக்கு ஏக சந்தோஷம்.

ஆனா எடுத்தாச்சுன்னு சொல்றது முழு உண்மை இல்ல. அதுக்குள்ள அந்த டெம்ப்ளேட்டை 61 பேர் திறந்திருக்காங்க. எத்தனை பேர் படத்தை மாத்தாம சும்மா பார்க்க ஷேர் பண்ணாங்களோ, எந்த வாட்ஸப் குரூப்ல அந்தம்மா மாலையோட சிரிச்சுக்கிட்டு இருக்காங்களோ, அதை என்னால திரும்ப எடுக்க முடியாது.

இன்னும் ஒண்ணு செஞ்சேன். அந்த ஓரத்துப் பொத்தான் இருக்கே, டேமேஜரோட சண்டை போட்டு வெச்சது, அதைத் தொட்டு எடுத்தவர் பேரைப் பார்த்து, அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அவங்க யாருன்னு தெரியுமான்னு கேட்டேன். ஒன்பது நாள் கழிச்சுப் பதில் வந்துச்சு. பயணம் போன இடத்துல ஒரு சந்தையில எடுத்ததாம். அங்க பூ வித்துக்கிட்டு இருந்தாங்களாம். படம் எடுத்துக்கவான்னு கையாலயே கேட்டாராம், சிரிச்சாங்களாம், எடுத்துட்டாராம். எடுத்து நாலு வருஷம் ஆச்சு, பேரு கேக்கலை, மறுபடி அந்தப் பக்கம் போகலைன்னு எழுதியிருந்தார். வலைத்தளத்துல போடப் போறேன்னு அந்தம்மாகிட்ட சொல்ல மொழி தெரியலை, இப்ப யோசிச்சா என்னவோ போல இருக்குன்னும் எழுதியிருந்தார்.

போன் போட்டு அம்முச்சிகிட்ட சொன்னேன். ரெண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்துச்சு.

"பூ விக்கறாங்களா? நல்லாருக்கட்டும்"னாங்க. அப்புறம், "நீ சாப்டியா கண்ணு?"

டிஸ்கி: உங்க ஆப்ல இந்த மாதிரி தேடற வசதி சேர்க்கிறவங்க இருந்தா, அந்த 300 வார்த்தை அகராதியைத் தர்றேன், இலவசமா. "மாலை"க்கு இப்ப ரெண்டு அர்த்தமும் போட்டிருக்கேன். எடுத்தவர் பேரு வர்ற அந்தச் சின்ன எழுத்தை மட்டும் யார் சொன்னாலும் எடுத்துராதீங்க.